பேட்னி போட்ட மிருகம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வேலாயுதத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள்கூட அவரிடம் ஒரு புடவையை நீட்டும்போது ஒரு தடவை எச்சில் விழுங்கிக்கொள்வார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் அவருக்குச் சேலை பார்க்கிற வேலை. நெய்தவர் கொண்டுவரும் சேலையை மரப்பலகையில் விரித்து, கரையைத் தடவி, முந்தானையின் பின்பக்கம் தொங்கும் சரிகை நுனியை நகத்தால் கீறுவார். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் நல்ல சரிகை. வேறெது தெரிந்தாலும் சேலையை மடித்து, வாய் பேசாமல் திருப்பி நீட்டுவார். சொந்த மச்சான் நெய்த சேலையை அப்படி நீட்டியதில் இரண்டு பொங்கலுக்கு அவர் மனைவி கமலவேணிக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை.

இருபது வருஷமாக இதே வேலையாக இருந்ததால் பலகையிலிருந்து எழுந்த பிறகும் பார்வை மடங்காது. பாலில் விரலை விட்டு எடுத்து, சொட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். ஊசி போட வந்த டாக்டரிடம் மருந்துப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் உண்டு. கச்சபேசுவரர் கோயிலில் விபூதியை நெற்றியில் இடுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். "சாமிக்கே டெஸ்டா?" என்று கமலவேணி கேட்பாள். "சாமிக்கு இல்ல, குடுக்கிறவனுக்கு" என்பார்.

இதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, மகள் அம்சவேணியைத் தவிர. அவளுக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டது. மூன்று வரன் வந்து மூன்றும் போயிற்று. முதல் பையன் எஸ்.எஸ்.எல்.சி. என்றார்கள், இவர் பள்ளிக்கூடத்துக்கே போய் ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னார். இரண்டாவது பையன் காஞ்சிபுரத்து வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான் என்பதால், கையில் வெண்குஷ்டம் இருக்குமோ என்று சட்டையை மடித்துவிடச் சொன்னார். கை சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த வீட்டார் அதற்குப் பிறகு உட்காரவில்லை. கூரம் கிராமத்திலிருந்து வர இருந்த மூன்றாவது வரன், இவரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வராமலே நின்றுவிட்டது. தறி நாடாவுக்குத் தார்க்குச்சியில் இழை சுற்றிக்கொண்டே அம்சவேணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. ராட்டை கொஞ்சம் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான்.

நாலாவது வரன் எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணியில், நீல நிற ஏர்மெயில் கவரில் வந்தது. கொண்டுவந்தவள் இரண்டு தெரு தள்ளியிருந்த சம்பூர்ணம்.

"என் தம்பி குமாரசாமி, உங்களுக்கு ஞாபகம் இருக்குமே அண்ணா. எங்க நைனா செத்தப்போ பதினாலு வயசு. சித்தப்பா ஜவுளி மூட்டையோட மலேயா போகச்சொல்ல கூட்டிக்கினு போனாரு. கடை நின்னுபோச்சு. இவன் அங்க மிருகக்காட்சிசாலையில சேந்துட்டான். இப்போ பர்மனென்ட். கார்த்திகையில லீவுல வர்றான், ஆறு வாரம்."

"மிருகக்காட்சிசாலையில இன்னா வேலை?"

"மிருகத்தைப் பாத்துக்கிற வேலை."

"மிருகத்துக்கு அது தெரியுமா?" என்றார் வேலாயுதம்.

சம்பூர்ணம் சிரித்துவிட்டுப் படத்தை எடுத்து நீட்டினாள். கமலவேணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் படம். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் அரைக்கால் சட்டையுமாக ஒரு வாட்டசாட்டமான பையன். பக்கத்தில் ஒரு மிருகம். எருமைக் கன்று அளவு இருக்கும். மூக்கு மட்டும் தும்பிக்கை ஆரம்பித்து பாதியில் வேண்டாம் என்று விட்டாற்போல் தொங்கியது. தலை, கழுத்து, முன்னங்கால் எல்லாம் கறுப்பு. தோளுக்குப் பின்னால் ஒரு கோடு கிழித்த மாதிரி, அங்கிருந்து முதுகும் வயிறும் வெள்ளை. பின்னங்கால் மறுபடியும் கறுப்பு.

"மலாய்க்காரங்க தெனுக்னு கூப்பிடறாங்களாம். வெள்ளைக்காரன் டேப்பிர்னு சொல்றானாம். உலகத்துலயே விரல் விட்டு எண்ற இடத்துலதான் கூண்டுல வச்சிருக்காங்களாம். அதுல ரெண்டு எங்க குமாரசாமி பொறுப்பு" என்றாள் சம்பூர்ணம். குரலில் பெருமை வழிந்தது.

வேலாயுதம் மடியிலிருந்து இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடியை எடுத்துப் பிரித்து, படத்தின் மேல் வைத்துக் குனிந்தார். தோளில் ஆரம்பித்து வயிற்றுக்கு இறங்கினார். திரும்ப மேலே ஏறினார். காபி ஆறிப்போயிற்று. தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை முடித்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"இது ஒட்டு."

"இன்னாண்ணா?"

"உடலு ஒரு நிறம், முந்தானை ஒரு நிறம் வேணும்னா நாம இன்னா பண்றோம்? பேட்னி போடறோம். பழைய பாவோட புதுப் பாவை இழை இழையாச் சேக்கறோம். சேக்கிற எடத்துல ரெண்டு நிறமும் ஒரு விரற்கடையாவது கலந்து ஓடிட்டுத்தான் பிரியும். எப்பேர்ப்பட்ட கைக்காரன் போட்டாலும் அந்தத் தடிப்புத் தெரியும். இங்க பாரு. கறுப்பு நிக்குது, வெள்ளை ஆரம்பிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல. கத்திரியால வெட்டி ஒட்டினாத்தான் இப்படி நிக்கும். முன்னால பன்னி. பின்னால எருமைக் கன்னுக்கு வேட்டி போத்தியிருக்கான். மூக்கு யானை குடுத்தது."

சம்பூர்ணத்தின் முகம் சுருங்கிவிட்டது. "என் தம்பி எதுக்கு ஒட்டணும்?"

"அதான் எனக்கும் தெரியல. இல்லாத மிருகத்தைப் பாத்துக்கிறவனுக்கு இருக்கிற வேலை எங்கேருந்து வரும்?"

அவள் எழுந்துவிட்டாள். "என் தம்பிக்குப் பொண்ணு கிடைக்காமப் போயிடல அண்ணா. ஓரிக்கையில ரெண்டு வீடு கேட்டுக்கினு இருக்காங்க." படத்தை வாங்கிக்கொள்ளாமலே படியிறங்கினாள்.

கமலவேணி அவள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்தாள். "மாப்பிள்ளையைப் பாக்கச் சொன்னா மிருகத்தைப் பாத்துக்கினு இருக்கீங்க. பொண்ணை யாருக்குக் கட்டிக் குடுக்கப் போறீங்க?"

"நாளைக்கு அவன் வேலையே இல்லாதவன்னு தெரிஞ்சா? கடல் தாண்டிப் போய் நம்ம பொண்ணு யார்கிட்டச் சொல்லுவா?"

கமலவேணி ஆறின காபி டம்ளரை எடுத்தாள். அவளுக்கும் அந்தப் பயம் உள்ளே இருந்தது. பக்கத்துத் தெருவில் மிலிட்டரி மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்த பெண், மிலிட்டரி ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவனோடு குடித்தனம் செய்துகொண்டிருந்தாள். கமலவேணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

"இதுவும் போச்சுன்னா அடுத்தது ரெண்டாந்தாரம்தான் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வேலாயுதம் படத்தோடு ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் பூவராகவன் ஈரப் படங்களைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒட்டுப்படம் எடுக்கிறது உண்டா?"

"எதுக்கு இல்லாம? புருசன் பம்பாய்ல இருப்பான், பொண்டாட்டி இங்க இருப்பா, ரெண்டு பேரும் சேந்து நிக்கிற மாதிரி வேணும்பாங்க. கையைக் கோத்தே குடுத்திருக்கேன்."

"அப்போ இது?"

பூவராகவன் வாங்கிப் பார்த்தார். "ஆளு நிழலும் மிருகத்து நிழலும் ஒரே பக்கம் விழுது. ஒட்டுன்னா அந்த எடத்துலதான் மாட்டிக்குவோம். எனக்கு ஒட்டாத் தெரியலயே."

"உங்களால இந்த மாதிரி செய்ய முடியுமா?"

"மெனக்கெட்டா முடியும்."

வேலாயுதத்துக்கு அது போதும். பூவராகவன் நிழலைப் பற்றிச் சொன்னதெல்லாம் காதில் விழவில்லை. முடியும் என்றது மட்டும் விழுந்தது.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. சேலையில் ஒரு குறை இருக்கிறது என்று தெரிந்தால் அது எந்த இழையில் என்று கண்டுபிடிக்கிற வரை அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரம் சங்கத்து வேலையாக மெட்ராஸ் போனபோது, வேலையை முடித்துவிட்டு சென்ட்ரல் பக்கத்தில் இருந்த உயிர்காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் எடுத்தார். கூண்டு கூண்டாகப் பார்த்தார். சிங்கம் கிழடு. புலி தூங்கிக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக எதுவும் இல்லை. கடைசியில், காண்டாமிருகத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு வயசாளியிடம் படத்தைக் காட்டினார். அவர் பெயர் தர்மன்.

"முப்பது வருஷமா இங்க சாணி அள்றேன் சார். இது இங்க வந்ததில்ல. இப்படி ஒண்ணு மலேயாக் காட்டுல இருக்குதுன்னு பெரிய ஆபீசர் ஒருத்தர் சொல்லிக் கேட்டிருக்கேன். கண்ணால பாத்ததில்ல."

"அப்போ பொய்தானே?"

"மிருகத்தை விடுங்க. எனக்கு ஆளு தெரியுது."

வேலாயுதம் விறைத்தார். "ஆளைத் தெரியுமா உனக்கு?"

"ஆளு இன்னா வேலை செய்றவன்னு தெரியுதுன்றேன். படம் புடிக்க நிக்கிறவன் மிருகத்து முதுகுல கையை வச்சிக்கினு, கேமராவைப் பாத்து இளிப்பான். இவன் கேமராவைப் பாக்கல, அது காதைப் பாத்துக்கினு இருக்கான். காது மடிஞ்சா கடிக்கப் போவுதுன்னு அர்த்தம். அப்புறம் பாருங்க, சுவத்துக்கும் மிருகத்துக்கும் நடுவுல நிக்கல. அது ஓடறதுக்கு வழி விட்டு நிக்கிறான். இதெல்லாம் ரெண்டு தடவை இடி வாங்கினவனுக்குத்தான் வரும்." தர்மன் வேட்டியைத் தூக்கி, தொடையில் உள்ளங்கை அகலத் தழும்பைக் காட்டினார்.

வேலாயுதம் தழும்பையும் குனிந்து பார்த்தார். "உனக்கு எந்த ஊரு?"

"மாகறல் சார், காஞ்சிபுரம் பக்கம்."

"மாகறலா! பிள்ளையார்பாளையத்துல சம்பூர்ணத்தைத் தெரியுமா?"

"யாரு அது? தெரியாதே."

"கேட்ட உடனே தெரியாதுன்றியே, யோசிக்கக்கூட இல்லையே" என்றார் வேலாயுதம். தர்மன் அவரை ஒரு புது மிருகத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து கமலவேணியிடம் மட்டும் சொன்னார். "அப்படி ஒண்ணு இருக்குமாம். ஆனா ஒண்ணு இருக்குதுன்றதும், இவன் அதைப் பாத்துக்கிறான்றதும் வேற வேற."

கார்த்திகையில் குமாரசாமி வந்து இறங்கிய செய்தி தெரு முழுக்கப் பரவியது. கைக்கடிகாரம், ரேடியோ, சம்பூர்ணத்துக்கு நைலான் புடவை. ஓரிக்கைக்காரர்கள் ஒரு தடவை வந்துபோனார்கள் என்று கமலவேணி சாப்பாடு போடும்போது சொன்னாள். மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு நிற்கும், தை முதல் வாரம் அவன் கப்பல் ஏறுகிறான் என்றும் சொன்னாள். அம்சவேணி சுவரைப் பார்த்துக்கொண்டு ரசத்தைக் குடித்தாள். வேலாயுதம் ரசத்தில் புளி பழையதா என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குமாரசாமியே வந்து நின்றான். தனியாக.

"உள்ள வரலாமா மாமா?"

வேலாயுதம் அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். "அக்கா எங்க?"

"அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டாங்க."

பாய் போடப்பட்டது. அவமானப்படுத்திய வீட்டுக்கு ஒருவன் தானாக வருகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும். வேலாயுதம் அதை மறைக்கவில்லை. "நீ எதுக்குப்பா வந்தே?"

"மூணு வீட்டுல பொண்ணு பாத்தாச்சு மாமா. எல்லா வீட்டுலயும் என் கடிகாரத்தைத்தான் பாத்தாங்க. படத்தைக் குடுத்தா என் மூஞ்சைப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்றாங்க. பக்கத்துல இப்படி ஒரு மிருகம் நிக்குதே, இது இன்னாய்யான்னு ஒருத்தர் கேக்கல. நீங்க ஒருத்தர்தான் கண்ணாடி வச்சிப் பாத்தீங்களாம். மெட்ராஸ் உயிர்காலேஜ் வரைக்கும் போய் விசாரிச்சீங்களாம்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

குமாரசாமி தலையைச் சொறிந்தான். சமையலறையில் ஒரு கரண்டி தேவையில்லாமல் சத்தமாக விழுந்தது. மெட்ராஸ் விஷயம் கமலவேணிக்கு மட்டும்தான் தெரியும். வேலாயுதம் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இவனிடமே திரும்பினார்.

"காலுக்கு எத்தனை விரல் அதுக்கு?"

"முன்னங்கால்ல நாலு, பின்னங்கால்ல மூணு."

"கணக்கே சரியா வரலயே."

"அத நான் வைக்கலயே மாமா."

"இன்னா தின்னும்?"

"தழை. வாழைப்பழம் குடுத்தா விசில் அடிச்ச மாதிரி கத்தும். தண்ணியிலதான் பாதி நாள் கிடக்கும். தண்ணியிலயே வெளிக்குப் போகும், தொட்டியை தினம் மாத்தணும். அதனாலதான் நெறைய பேரு வைக்கிறதில்ல. குட்டி ஒண்ணு போன வருஷம் பொறந்தது. பொறக்கச்சொல்ல இந்த நிறமே இல்ல. ஒடம்பு பூரா கோடும் புள்ளியும். ஆறு மாசத்துல அதெல்லாம் போய் இந்தக் கறுப்பு வெள்ளை வந்துச்சு."

வேலாயுதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறம் போச்சா? போவுற நிறம்னா அது..."

"சாயம் போவுதான்னு பாத்தீங்களா?"

கேட்டது அவரில்லை. அம்சவேணி. ராட்டையை விட்டு எழுந்து நடைவாசலில் வந்து நின்றாள். கையில் பாதி சுற்றிய தார். "பெருசை, மொத மொதப் பாத்தப்போ. ஈரத்துணி வச்சித் தேச்சிப் பாத்தீங்களா?"

குமாரசாமி அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "மொத நாளே பாத்தேன். என்னை உள்ள அனுப்பினாங்க. இப்படி ஒரு ஜென்மம் இருக்காது, எவனோ வெள்ளையடிச்சி விட்டிருக்கான்னு நெனச்சேன். கோணித்துண்டை நனைச்சி அந்தக் கோட்டு மேலயே அழுத்தித் தேச்சேன். மிருக டாக்டர் பாத்துட்டு என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டாரு."

"துணியில இன்னா வந்தது?"

"சேறு. வேற ஒண்ணும் வரல. அப்புறம் முடியைப் பிரிச்சி அடியில பாத்தேன்."

"அடியில?"

"அடி வரைக்கும் அதே நிறம்."

அம்சவேணி தலையாட்டினாள். இந்த வேலையை இவளாக இருந்தாலும் இதே வரிசையில்தான் செய்திருப்பாள். வேலாயுதத்துக்கும் அது தெரிந்தது. ஆனால் இவ்வளவு பொருத்தமாகப் பதில் வருகிறதே என்று அதிலும் ஒரு முள் உறுத்தியது. கமலவேணி சொல்லிக்கொடுத்திருப்பாளோ? கமலவேணிக்கு முடியைப் பிரித்துப் பார்க்கத் தோன்றாது. சம்பூர்ணம்? அவள் புருஷன் நெய்கிற லட்சணத்துக்கு அவளுக்குச் சாயம் என்றாலே தெரியாது.

"சரி, ஏன் அப்படி ஒரு நிறம் அதுக்கு?" என்று கேட்டார். இது சோதனைக் கேள்வி இல்லை. ஆவணியிலிருந்து அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"காட்டுல நிலா வெளிச்சத்துல படுத்துக்கினு இருக்கும் மாமா. புலி பாத்தா, வெள்ளையா ஒரு பாறை கிடக்குதுன்னு நெனச்சிக்கும். முன்னால பின்னால கறுப்பு, அது இருட்டோட போயிடும். முழு மிருகமாவே தெரியாது. துண்டு துண்டாத்தான் தெரியும்."

"பாக்கிறவனை ஏமாத்தறதுக்குன்னே இருக்குது."

"ஆமா, அதுக்குத்தான்."

வேலாயுதம் சுவரில் சாய்ந்துகொண்டார். நாலு மாசத்தில் முதல் தடவையாக அவர் முகம் தளர்ந்தது. "கமலா, கேட்டியா? அந்தக் கோட்டுல ஏமாத்து இருக்குதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். யாரு பண்ணான்றதுதான் எனக்குத் தெரியாம இருந்தது."

"கேட்டுது, கேட்டுது" என்றாள் கமலவேணி உள்ளேயிருந்து. "உங்க பலகைக்கு வரலயேன்னு கடவுள்தான் சந்தோஷப்படணும்."

ஆனாலும் வேலாயுதத்தின் மனதில் இன்னும் பார்க்காதது ஒரு மூட்டை இருந்தது. சம்பளச் சீட்டு. அங்கே குடியிருக்க வீடு உண்டா. அந்த ஊரில் இவனுக்கு வேறு குடும்பம் ஏதாவது. கப்பலில் ஒரு பெண் போனால் எத்தனை நாள், நடுவில் உடம்புக்கு வந்தால் யார். ஒன்றொன்றாகப் பார்க்க ஆரம்பித்தால் அடுத்த கார்த்திகை ஆகிவிடும். பார்க்காமல் விடலாமென்றால், அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை.

"அம்சா, நீ இன்னாம்மா சொல்றே?"

"நீங்க இன்னும் எதையாவது பாக்கணுமா நைனா?"

"நெறைய பாக்கணும்."

"எனக்கு இது போதும்" என்றாள் அம்சவேணி. "மீதியை நான் அங்க போய்ப் பாத்துக்கறேன்." தார் கையிலிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தவள் போலத் திரும்பிப் போய் ராட்டை முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் சுற்றவில்லை.

வேலாயுதம் அவள் முதுகைப் பார்த்தார். மகள் என்பதை ஒரு நிமிஷம் மறந்து, நன்றாகப் பழகிய ஒரு தொழிலாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உங்க அக்காவை வெள்ளிக்கிழமை தாம்பூலத்தோட வரச் சொல்லு. மார்கழிக்கு முன்னால நாள் இருக்குதா பாக்கறேன். ஆனா ஒண்ணு. நான் ஒட்டுன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேப்பேன்னு அவங்க எதிர்பாக்கக் கூடாது. கையில இருந்த படத்தை வச்சிப் பாத்தா அது ஒட்டுதான். அதைத் தெளிவாச் சொல்லிடு."

"சொல்லிட்றேன் மாமா."

"சொல்லுவியா, இல்ல இங்க தலையாட்டிட்டு அங்க வேற மாதிரி சொல்லுவியா?"

"வேற மாதிரிதான் சொல்லணும் மாமா. இப்படியே சொன்னா அக்கா வரமாட்டாங்க."

வேலாயுதம் அவனை உற்றுப் பார்த்தார். இந்த வீட்டில் யாரும் இதற்கு முன் அவரிடம் இப்படி ஒரு பொய்யை முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டதில்லை.

கமலவேணி இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். பையனுடைய டம்ளரில் நுரைக்கு அடியில் காபி ஒரு விரல் கூடுதலாக இருப்பதாக வேலாயுதத்துக்குப் பட்டது. அவர் ஒன்றும் கேட்காமல் தன்னுடையதை எடுத்துக் குடித்தார்.